நெல்லிக்குன்று என்கிற உசிரிகொண்டா

வாரத்தில் ஆறு நாள் நகரியில்
விசைத்தறிக் கூடங்களில் மின்மீட்டர் படிக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை மலையேறி
எப்போதோ சர்வேக்காரர்கள் பாறையில் வெட்டிய
ஒரு வட்டத்தையும் அதன் நடுப்புள்ளியையும் தேடுகிறேன்.
கிடைத்தால் என்ன தருவார்கள் என்று
மாமியார் ஒருமுறை கேட்டார்.
ஒன்றும் தரமாட்டார்கள் என்றேன்.
அப்படியானால் சாமி காரியம்தான் என்று
எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தார்.

கூட வருகிறவள் ஜோதீஸ்வரி.
புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடும் இடத்தில்
சீட்டு எழுதுகிறாள்.
விழுந்தால் என்ன, இறங்கினால் புத்தூர் என்பாள்.

எங்களிடம் ஒரு பழைய பட்டியல் உண்டு.
அதில் மலைகளின் பெயர்கள்
சூடுபட்ட நாக்கு சொன்னது மாதிரி இருக்கும்.
நாங்கள் நெல்லிக்குன்று என்பதை
மேற்கே உசிரிகொண்டா என்கிறார்கள்.
பட்டியலில் அது ஊசர்காண்டி.
உயரத்தில் மட்டும் குழப்பமில்லை:
ஆயிரத்து நானூற்று ஒன்பது அடி.

முதல் தடவை
உரல்குழியைப் பார்த்துக் கூவினேன்.
அடுத்த தடவை ஆடுபுலிக் கட்டம்.
மூன்றாம் தடவை வட்டமே கிடைத்தது,
உள்ளே புள்ளிக்குப் பதில்
கிரிபாபு, சுகுணா.

நாலாம் தடவை மாசி வெயில்.
காரைமுள் கிழித்த கையோடு
உச்சியில் குந்தியிருந்தோம்.
ஆடு மேய்க்கும் நாகபூஷணம்
"ஏமி எதுகுதுன்னாரு?" என்றார்.
பாறையில் விரலால் வட்டம் போட்டு
நடுவில் குத்தி
தெரிந்த தெலுங்கில் சொன்னேன்:
"ஒக்க சுக்க."
அவர் அண்ணாந்து பார்த்தார்.
மணி பன்னிரண்டு.
"ராத்திரி ரண்டி" என்றார்.

ஜோதீஸ்வரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
சுக்க என்றால் புள்ளி.
சுக்க என்றால் நட்சத்திரம்.

அந்தச் சிரிப்பில் மிரண்டு
கிழட்டுக் கிடா ஒன்று எழுந்துபோன இடத்தில்,
புழுக்கையைத் துடைத்தால்,
வட்டம்.
ஒரு சாண்கூட இல்லை.
புள்ளியில் சுண்டுவிரல் நகம் மட்டும் போனது.

மூன்று மலை சேர்ந்தால் முக்கோணம்.
அடுத்த ஞாயிறு
நான் நெல்லிக்குன்றில்.
அவள் பதினொரு கிலோமீட்டர் தள்ளி பாம்புக்கரட்டில்,
ஸ்கூட்டியின் பக்கக் கண்ணாடியோடு.
பத்து மணிக்கு வெயிலை என் பக்கம் திருப்ப வேண்டும்,
முன்பு அவர்கள் செய்ததைப்போல.
பத்தேகாலுக்கு ஒரு மினுக்கு.
கத்திவிட்டேன்.
போனில் அவள்:
"இரு, இன்னும் திருகே கழலவில்லை."

மினுக்கியது
கொஞ்சம் வலப்பக்கம், மூன்றாவது மலை.
லாரியின் முன்கண்ணாடி.

அங்கே இப்போது குவாரி.
மத்தியானம் இருவருமாகப் போனோம்.
வாட்ச்மேன் விடவில்லை,
பிறகு மோர் பாக்கெட் வாங்கிக்கொண்டு விட்டார்.
ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நடந்ததில்
விளிம்பு வந்ததைப் பார்க்கவில்லை.
ஜோதீஸ்வரி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.
புள்ளி இன்னும் இருபத்தாறு அடி முன்னால்,
எங்கள் தலைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.
அந்த இடத்தில் ஒரு தட்டான்
நின்றது, நகர்ந்தது,
திரும்ப வந்து நின்றது.

கல் எங்காவது
யார் வீட்டுச் சமையல் மேடையாகவோ
குப்புறக் கிடக்கலாம்.
மேலே பால் பொங்கி வழியலாம்.

நோட்டில் இரண்டே கட்டம்:
கிடைத்தது, கிடைக்கவில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவள்
கோட்டின் மேலேயே எழுதினாள்:
"இடம் இருக்கிறது."

ஐந்து மணிக்கு வெடி, கிளம்புங்கள் என்றார் வாட்ச்மேன்.
கேட்டுக்கு வெளியே வந்தும் கிளம்பவில்லை.
வெடித்து, தூசி அடங்குவதற்குள்
இருட்டிவிட்டது.
இரண்டு பேரும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்
என்று சொல்லமாட்டேன்.

வீட்டில் மாமியார்
திறக்காத டிபன் பாக்ஸைத் தூக்கிப்பார்த்துக் கேட்டார்:
"நடை சாத்திட்டாங்களா?"